சொல்லும் பொருளும் காணாமல் போன வாரம்

சாந்தோமில் ஐரின் பிறந்த வீட்டுக்கு 'டீச்சர் வீடு' என்று பெயர். அம்மா கணக்கு டீச்சர், பெரியம்மா விஞ்ஞான டீச்சர், சித்தி தையல் டீச்சர். மூன்று பேரும் பேராலயத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர்கள். ஐரினும் சாக்பீஸ் பிடிப்பாள் என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவளோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் கம்பெனி பேக்கப் மென்பொருள் விற்றது. ஓர் அலுவலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் உள்ள கோப்புகளை நாள்தோறும் நகலெடுத்து, இன்னோர் இடத்தில் பத்திரப்படுத்தி வைக்கும் மென்பொருள். அதில் கோளாறு என்றால் வாடிக்கையாளர்கள் கூப்பிடும் தொலைபேசி ஐரினின் மேஜையில் இருந்தது. பேக்கப் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டவர்கள் எல்லாரும் எதையோ தொலைத்தவர்கள். எங்கோ ஒரு நாட்டில் ஆஸ்பத்திரிக்காரர், வேறொரு நாட்டில் வக்கீல். ஒருமுறை கல்யாணப் படம் எடுக்கிறவர் ஒருவர் போனிலேயே அழுதார். எல்லாரிடமும் ஐரின் முதலில் ஒன்றையே சொல்வாள்: பதறாதீர்கள், அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதாதீர்கள், நான் லைனிலேயே இருக்கிறேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு அம்மாவின் வகுப்பறைக் குரல் வந்துவிடும்.

அந்தப் பிரிவையே கம்பெனி வேறு நாட்டுக்கு மாற்றியபோது ஐரினுக்கு நாற்பதை நெருங்கிய வயது. கணவர் இக்னேஷியஸ் தபால் துறையில் இருந்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரேன், ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். இருந்து பார்த்தாள். பகலெல்லாம் சும்மா இருக்கும் போனைப் பார்த்தால் கை பரபரத்தது. ஆழ்வார்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் பேக்கப் போட்டுக் கொடுத்தாள். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அப்படியே ஐந்தாறு வருஷத்தில் மயிலாப்பூருக்கும் அடையாருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் ஸ்கூட்டரில் அலையும் பிழைப்பு அமைந்தது.

பெரிய கம்பெனிகள் இவளைத் தேடி வருவதில்லை. இவளைக் கூப்பிடும் சின்ன இடங்களில் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர்கள் இருப்பதும் இல்லை. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய மேக் ஒரு மூலையில், கணக்குப் பார்க்க விண்டோஸ் இன்னொரு மூலையில், படிக்கட்டுக்கு அடியில் தூசியோடு ஒரு லினக்ஸ் சர்வர். ஒன்றின் பழக்கம் இன்னொன்றுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பேக்கப்புக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் ஐரினின் வேலை.

அப்படி அவள் போய்வந்த இடங்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அடையார் காந்தி நகரில் இருந்த செவி நூலகம்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்பும் இடம் அது. மாடியில் மெத்தை ஒட்டிய சுவர்களோடு பதிவு அறை. அதில் பழைய மேக். கீழே ஆபீஸ், அதன் ஒரு மூலையில் பேக்கப் நகல்கள் சேரும் லினக்ஸ் சர்வர். ஆபீசை ஒட்டிய அறையில் ஒலித்தொகுப்பாளர் ஷரஃபுதீன். பிறவியிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் இருந்தது. அது பேசும் வேகத்தில் ஐரினுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவருக்கோ அதைக்கூட இன்னும் முடுக்கிவிட வேண்டும் போலிருக்கும். நூலகத்தை நடத்தியவர் சந்திரிகா, பேங்க் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்தவர்.

அந்த வருஷம் முழுக்க மாடியில் ஒரே ஒரு பெரிய பதிவுதான் நடந்துகொண்டிருந்தது. ஜமீலுன்னிசா டீச்சரின் தமிழ் இலக்கணப் பாடம்.

டீச்சர் ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வகுப்பில் தமிழ். முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவர். ஆசிரியர் தேர்வு எழுதும் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கடைகளில் விற்கும் இலக்கண நூல்களை அப்படியே படித்துப் பதிவு செய்து கொடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. அவற்றில் பாதி அட்டவணை, மீதி அடைப்புக்குறி. கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். டீச்சர் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, காதுக்கென்றே பாடத்தைப் புதிதாகக் கட்டினார். கையில் சில குறிப்புகள், மீதியெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்து பேச்சாகவே வந்தது. அதனால் அந்தப் பாடம் அச்சில் எங்கேயும் கிடையாது. அந்த மேக்கில் இருந்தது; ஷரஃபுதீனும் கீழிருந்தபடி அதிலேயே தொகுத்தார், தனியாக நகல் வைத்துக்கொள்ளவில்லை. அதன் பேக்கப்பில் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் கடைசிப் பாடத்தைப் படித்து முடித்தார். அவருக்குத் தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்ததால் அவசரம். படித்துவிட்டு, எல்லாருக்கும் சமோசா வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார். அன்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. கரன்ட் போயிற்று. ஏசி பொருத்தியிருந்த ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, மேஜையில் இருந்த மேக்கையும் அதோடு இணைத்திருந்த டிஸ்கையும் நனைத்துக்கொண்டே இருந்தது. மூடியிருந்த அறைக்குள் யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் சந்திரிகா போன் செய்தார்.

"ஐரின், மேக் போயிடுச்சு. தொட்டா தண்ணி சொட்டுது. பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு மேடம். பதறாதீங்க. அதை ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. வந்துட்டே இருக்கேன்."

ரிச்சி தெருவில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் மேக்கையும் டிஸ்கையும் காட்டினாள். அவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஐரினுக்கு அது பெரிதாகப் படவில்லை. இந்த மாதிரி நாளுக்காகத்தானே பேக்கப். புது டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, சர்வரில் இருந்த நகல்களை அதில் இறக்கச் சொல்லிவிட்டு, சந்திரிகா கொடுத்த காபியை நிம்மதியாகக் குடித்தாள்.

இறக்கி முடித்ததும் ஷரஃபுதீன் தன் அறையிலிருந்தே கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"ஐரின், இங்க வாங்களேன். எழுத்து கீது. வேற்றுமை கீது. எச்சம் கீது, யாப்பு கீது. சொல்லையும் பொருளையும் காணோம். இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

முதலில் கிண்டல் என்று நினைத்து ஐரின் சிரித்தாள். பிறகு பார்த்தாள். சொல் இல்லை. பொருள் இல்லை. தொகைநிலைத் தொடர் இல்லை, போலி இல்லை. பாதிக்கு மேல் வந்திருந்தது, மீதி வரவில்லை. கடைசிப் பாடமான அணி வராததற்குக் காரணம் அவளுக்கு உடனே தெரிந்தது: அதைப் பதிவு செய்த அன்று, பேக்கப் ஓட வேண்டிய நேரத்துக்கு முன்பே கரன்ட் போய்விட்டது. அது போனது போனதுதான். மற்றவற்றுக்கு அவளிடம் பதில் இல்லை. மென்பொருளின் பதிவுக் குறிப்பில் அந்தப் பாடங்களுக்கு எதிரே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று மட்டும் இருந்தது.

அவள் சர்வருக்குள் நேராக நுழைந்து பார்த்தாள். பெயர்கள் அங்கே இருந்தன. சொல், பொருள், எல்லாம். அளவும் சரியாக இருந்தது. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து, இதைக் கொடு என்று கேட்டால், இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிற ஒன்றை இல்லை என்றது.

அடுத்து வந்த நாட்களில் ஐரின் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கோப்பைத் திறக்கும் அனுமதிகளைச் சரிபார்த்தாள். பெயரின் முன்னும் பின்னும் இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள். பெரிய கோப்புகள்தான் வரவில்லையோ என்று பார்த்தால், பெரிதும் வந்திருந்தது, சிறிதும் விடுபட்டிருந்தது. தேதியை வைத்துப் பார்த்தாள்; அதிலும் ஒழுங்கில்லை. அந்த மென்பொருள்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரு இளைஞன் மிகவும் மரியாதையாகக் குறிப்புகளை அனுப்பச் சொன்னான், அடுத்த நாள் வேறு குறிப்புகளை அனுப்பச் சொன்னான். அவன் எந்தத் தாளைப் பார்த்து எந்தக் கேள்வியைக் கேட்கிறான் என்பது வரைக்கும் ஐரினுக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியில் அவளும் இருந்தவள். அவன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் தொலைத்தவர்கள் பக்கம் உட்கார்வது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அந்த வாரம்தான் முழுக்கத் தெரிந்தது.

அவளை உறுத்தியது இன்னொன்று. மாதாமாதம் அவள் இந்த பேக்கப்பைச் சோதித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கீழே கணக்கு மெஷினிலிருந்து ஒரு கோப்பு, மாடி மேக்கிலிருந்து 'அறிமுகம்' என்ற பாடம். இரண்டையும் திரும்ப இறக்கிப் பார்ப்பாள், வரும், சந்திரிகாவிடம் எல்லாம் சரி என்பாள். எப்போதும் அதே இரண்டு கோப்புகள். வேறு ஒன்றை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இது நினைவுக்கு வந்து சோறு இறங்கவில்லை. "நீ தப்பு எதுவும் பண்ணலையே" என்றார் இக்னேஷியஸ். "சரியா இருக்குன்னு சொன்னேனே" என்றாள் அவள்.

டீச்சருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. "இப்பப் போய் அவங்ககிட்ட எதையும் சொல்ல வேணாம், உடம்பு தேறட்டும்" என்றார் சந்திரிகா. அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பதிவு எப்போது பிள்ளைகளுக்குப் போகும் என்று சந்திரிகாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டார். அதற்குப் பொய்யாக ஒரு தேதி சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஐரின் தானே போய்ச் சொல்கிறேன் என்றாள்.

ராயப்பேட்டையில் மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் முதல் மாடி வீடு. டீச்சர் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் ரூபீனா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மியை ரொம்பப் பேச வைக்காதீங்கக்கா" என்று மாமியாரைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் வாயைத் திறந்தபோதுதான் ஐரினுக்குப் புரிந்தது. குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. நடுவில் ஒரு கரகரப்பு எழுந்து அடங்கியது.

"சரியாயிடும்ன்றாங்க. கொஞ்ச மாசம் ஆகுமாம். முழுசா வருமான்னு தெரியாதாம்" என்றார் டீச்சர், அந்தக் காற்றுக் குரலில். "நீ சொல்ல வந்ததைச் சொல்லும்மா."

ஐரின் சொன்னாள். மழை, மேக், வந்தது எது, வராதது எது, இத்தனை மாதமும் தான் சோதித்த விதம். ஒன்றையும் விடவில்லை.

"எதெது வரல?"

"சொல்... பொருள்... தொகைநிலைத் தொடர்..."

டீச்சரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து ஐரின் எழுந்தேவிட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு, கழுத்து வலித்ததால் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

"சொல்லும் பொருளும் போனா... இலக்கணத்துல... மீதி என்னம்மா இருக்கு?"

பிறகு சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதையெல்லாம் நான் திரும்ப அதே மாதிரி சொல்ல முடியாது ஐரின்மா. பசங்க எதிர்ல இருக்கறதா நெனச்சுக்கிட்டு சொன்னது. என்ன சொன்னேன்னே ஞாபகமில்ல. தேடிப் பாரு."

கீழே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்ட பிறகும் ஐரினால் உடனே கிளம்ப முடியவில்லை. எதிரில் இருந்த பாத்திரக் கடையை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நூலகத்தில், ஷரஃபுதீனின் மேஜைக்குப் பக்கத்தில் தன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு வரிகள். மேலே சர்வர் காட்டும் பெயர்: சொல். கீழே அவள் தட்டச்சு செய்த பெயர்: சொல். இரண்டும் ஒன்றல்ல என்றது கம்ப்யூட்டர்.

"பாய், ஒரே எழுத்துதான் ரெண்டுலயும் இருக்கு. ஆனா வேற வேறன்னு சொல்லுது. எனக்குக் கண்ணுதான் கெட்டுப்போச்சோ என்னமோ."

"ரெண்டையும் என் மெஷினுக்கு அனுப்புங்க" என்றார் ஷரஃபுதீன்.

அனுப்பினாள். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டு, வேகத்தை இவளுக்காகக் குறைத்தார். இயந்திரக் குரல் கீழ் வரியைப் படித்தது: "சொல்." மேல் வரியைப் படித்தது: "செஆல்."

ஐரின் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை போடுங்க."

"செஆல்" என்றது குரல்.

"இது எப்பவும் அப்படித்தான்" என்றார் ஷரஃபுதீன். "மாடிலேர்ந்து வர்ற ஃபைல் பேரைப் படிக்கச்சொல்ல இது கொஞ்சம் உளறும். பொருளை 'பெஆருள்'ன்னும். நான் கீழ அடிச்சு வெச்ச பேருன்னா ஒழுங்கா படிக்கும். சரி, இயந்திரம்தானேன்னு நானும் விட்டுட்டேன்."

"எழுத்து எழுத்தா படிக்க வைக்க முடியுமா?"

அவர் அம்புக்குறிப் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனார். கீழ் வரி: ச, ஒகரக் குறி, ல, புள்ளி. மேல் வரி: ச, எகரக் குறி, கால், ல, புள்ளி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

விஷயம் அவ்வளவுதான். 'சொ' என்று எழுத, கம்ப்யூட்டருக்குள் இரண்டு வழி உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைத்துக்கொள்ளலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் முறைப்படி சரி. திரையில் வரும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மாடியில் இருந்த பழைய மேக் எல்லாப் பெயர்களையும் பிரித்து வைத்தது. அவை அப்படியே சர்வருக்கு வந்து சேர்ந்தன. பேக்கப் மென்பொருளோ தன் அட்டவணையில் பெயர்களைச் சேர்த்து எழுதிக்கொண்டது. திருப்பித் தா என்று கேட்கும்போது சேர்த்து எழுதிய பெயரைச் சொல்லிக் கேட்டது. சர்வர், அப்படி யாரும் இங்கே இல்லை என்றது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் பெயர்கள் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டன. எழுத்துக்கும் யாப்புக்கும் அந்தச் சங்கடம் இல்லை.

"அறிமுகம்" என்றாள் ஐரின் தனக்குள். அதிலும் ஒகரம் கிடையாது.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல பாய். நான் மாசாமாசம் பார்த்த பேரு."

பெயரைச் சொல்லிக் கேட்டால்தானே இல்லை என்கிறது. சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே ஓர் எண் இருக்கும். ஐரின் அந்த எண்ணைக் கொண்டு 'சொல்' பாடத்தைக் கேட்டாள். வந்தது. புதுப் பெயர் வைத்து ஷரஃபுதீனின் மெஷினுக்கு மாற்றினாள். அவர் இயக்கினார்.

"உட்காருங்க கண்ணுங்களா" என்றது ஸ்பீக்கரில் ஜமீலுன்னிசா டீச்சரின் பழைய குரல், கணீரென்று. "நேத்து எழுத்தைப் பார்த்தோம். தனியா நின்னா அதுக்குப் பெரிய வேலை ஒண்ணும் இல்ல..."

சந்திரிகா ஆபீசிலிருந்து ஓடிவந்து கதவருகே நின்றார். கையில் மூடி போடாத பேனா இருந்தது. அவருடைய வெள்ளைச் சேலையில் மை கோடிழுத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. ஷரஃபுதீன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டு, "நைனா, உயிர் வந்துச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அன்று மாலைக்குள் ஐரின் சின்னதாக ஒரு நிரல் எழுதி, எல்லாப் பாடங்களையும் எண்ணைக் கொண்டு எடுத்து, பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவந்தாள். மேக்கிலிருந்து வரும் பெயர்களைச் சேர்த்து எழுதிய பிறகே சர்வரில் வைக்கும்படி பேக்கப்பின் அமைப்பை மாற்றினாள். கண்டுபிடித்ததை உதவி எண் இளைஞனுக்கும் எழுதி அனுப்பினாள். அவன் முதல்முறையாகத் தாளைப் பார்க்காமல் பதில் போட்டிருந்தான்: "மேடம், நன்றி. எங்க ஊர் மலையாளத்துலயும் இதே மாதிரி வரும்னு இப்பதான் தோணுது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் அதே மென்பொருளை அதே மாதிரி இன்னும் சில இடங்களில் போட்டிருந்தாள். கோடம்பாக்கத்து டப்பிங் ஸ்டூடியோவில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில். அங்கே சிக்கல் இல்லை. மயிலாப்பூரில் சாய்நாத் நடத்திய சின்னப் பதிப்பகத்தில் இருந்தது. பக்கம் அமைக்கும் பழைய மேக்கில் தொகுதி, கோயில், பொங்கல் மலர் என்று பாதிப் பெயர்கள் அந்த வகை. அங்கே எதுவும் தொலையவில்லை. தொலைந்திருந்தால் திரும்ப வந்திருக்காது. சொல்லாமலேயே சரி செய்துவிட்டு வந்தாலும் யாருக்கும் தெரியாது. ஐரின் அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சாய்நாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு வருஷமா எல்லாம் சரியா ஓடிண்டிருக்குன்னுதானே சொல்லிண்டிருந்தேள்?"

"ஆமா சார். நான் பார்த்தது சரியா இருந்துது. எல்லாத்தையும் பார்க்கல."

"அப்போ இத்தனை நாளா நாங்க நிம்மதியாத் தூங்கிண்டிருந்தது சும்மாவா?"

ஐரின் அங்கேயே உட்கார்ந்து அமைப்பை மாற்றினாள். அவரையே ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைத் திரும்ப இறக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார், தலையாட்டினார். அவளை வழியனுப்ப வாசல் வரை வந்தார். அடுத்த மாதம் அவருடைய ஆபீசிலிருந்து, வேறு ஏற்பாடு செய்துகொண்டோம் என்று ஒரு செய்தி வந்தது. ஐரினுக்கு வருத்தம்தான். குளத்தங்கரைப் பக்கம் போகும்போது இப்போதும் அந்தப் பதிப்பகத்தின் மாடி ஜன்னலைப் பார்க்காமல் போவதற்கு முயற்சி செய்கிறாள். அவர்மேல் மனத்தாங்கல் இல்லை. அவர் நாற்காலியில் தான் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்று இக்னேஷியஸிடம் சொன்னாள்.

செவி நூலகத்தில் அதற்குப் பிறகு சோதிக்க வேண்டிய கோப்பை அவள் தேர்ந்தெடுப்பதில்லை. ஷரஃபுதீன் தேர்ந்தெடுப்பார். வேண்டுமென்றே நீளமான பெயராக, விசித்திரமான பெயராகத் தேடி எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அணி மட்டும் பாக்கி. அதைப் பாடத்திலிருந்து விட்டுவிடலாமா, வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாமா என்று சந்திரிகா யோசித்துக்கொண்டிருந்தார். தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில் டீச்சரே ஆட்டோவில் வந்து இறங்கினார். குரல் திரும்பியிருந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. தாழ்ந்த, சொரசொரப்பான குரல். நீளமான வாக்கியத்தில் நடுவே மூச்சு வாங்கியது.

"நானே முடிக்கிறேன். யாராவது ஆட்சேபம் சொல்றீங்களா?"

சந்திரிகா மாடி அறையைத் திறந்தார். புது மேக் வந்து, ஜன்னலும் மாறியிருந்தது. அமைப்பைச் சரிபார்க்க வந்திருந்த ஐரின், பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே மாடியில் உட்கார்ந்திருந்த ஷரஃபுதீனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் இந்தப் பாடங்களின் பெயரும் அளவும் தேதியும் அவளுக்கு மனப்பாடம். ஒரு பாடத்தைக்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு மைக்கை நோக்கிச் சாய்ந்தார்.

"உட்காருங்க கண்ணுங்களா. இது உங்க அதே டீச்சர்தான். தொண்டையில ஒரு ஆபரேஷன் ஆச்சு. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க." மூச்சு வாங்கினார். "இன்னைக்கு அணி. அதுல முதல்ல உவமை. புஸ்தகத்துல என்ன போட்டிருப்பான்? நிலா மாதிரி முகம்னு போட்டிருப்பான். நிலாவை உங்கள்ல பல பேர் பார்த்ததில்ல. சரி, விடுங்க. நான் வேற சொல்றேன். வாழைத்தண்டை வெட்டினவுடனே தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அந்த மாதிரி குளிர்ச்சியான கை. இப்ப அந்தக் கை யாரோடதுன்னு உங்களுக்கே ஒரு ஞாபகம் வருதா? அதுக்குத்தான் உவமை."

ஐரின் தன் கையைப் பார்த்தாள். அவளுக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்தது.

டீச்சர் அடுத்த உதாரணத்துக்குப் போனார். சுடுசோற்றின் ஆவி, மழை நின்ற பிறகு கூரையிலிருந்து ஒவ்வொன்றாக விழும் சொட்டு, புதுச் சேலையின் மொடமொடப்பு. ஒன்றிலும் நிறம் இல்லை. ஓர் இடத்தில் இருமல் வந்து நிறுத்தினார். கண்ணாடி வழியாக இவர்களைப் பார்த்து, "அதை வெட்டிடு ஷரஃபு" என்றார்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றார் ஷரஃபுதீன் மைக்கில். "பசங்க கேட்டா கேக்கட்டும்."

"என் பாடத்துல இருமலா? வெட்டுப்பா. அந்த வரியிலேர்ந்து திரும்பச் சொல்றேன்."

ஷரஃபுதீன் சிரித்துக்கொண்டே பதிவைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கையை உயர்த்தி, தயார் என்று காட்டினார். டீச்சர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அந்த வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.